ஐந்தாவது கம்ப்யூட்டர்

நதியா இதை யாரிடமும் பேய்க்கதை என்று சொன்னதில்லை. "ஒரு கம்ப்ளெயின்ட் அட்டெண்ட் பண்ணேன்" என்றுதான் சொல்வாள். சொல்லும்போது சிரிக்க மாட்டாள். கேட்கிறவர் சிரித்தால் பேச்சை அதோடு விட்டுவிட்டுப் போய்விடுவாள். ஆகவே, சிரிக்கத் தோன்றுகிறவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம். நடந்தது முழுக்கப் பட்டப்பகலில், மூன்று பேர் கண்ணெதிரே நடந்தது. அந்த மூன்று பேரும் இன்றைக்கும் காஞ்சிபுரம் பக்கம்தான் இருக்கிறார்கள். மூவரையும் தனித்தனியாகக் கேட்டாலும் ஒரே கதைதான் வரும்.

நதியாவுக்கு முப்பத்திரண்டு வயது. வீடு பக்கத்து ஊரான மாகறலில். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை வைத்துக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். பிடிவாதக்காரி. கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒரு இடத்தை விட்டு எழுந்து வந்த பழக்கமே கிடையாது. "தானா எதுவும் அழியாது சார். அழிச்சவங்க ஒருத்தர் இருப்பாங்க" என்பாள்.

அது ஆடி மாதக் கடைசி. ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கும். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், ஜரிகைக் கடைக்கு மேல் மாடியில், கலியாணசுந்தரம் ஒரு திருமணத் தகவல் மையம் நடத்திவந்தார். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வரன் பார்த்துக் கொடுக்கும் இடம். நாலு கம்ப்யூட்டர். பெண்கள் ஒரு பட்டியல், மாப்பிள்ளைகள் ஒரு பட்டியல், எல்லாம் ஒரே ஃபைலில். அந்த ஃபைல் கலியாணசுந்தரத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும். மற்ற மூன்றும் அதைப் பகிர்ந்துகொள்ளும். அந்த ஃபைலிலிருந்து பெண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பேர், நட்சத்திரம், போட்டோ, ஜாதகம்... எல்லாமே சுத்தமாக இல்லை.

"ஒரு மாசத்துல மூணு பொண்ணுங்கமா. பெத்தவங்க வந்து சத்தம் போடுறாங்க" என்றார் கலியாணசுந்தரம். அறுபது தாண்டிய மனிதர். நெற்றி நிறைய விபூதி, குரலில் எப்போதும் ஒரு சமாதானம். பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டே, "மாகறல்ல எந்தத் தெருமா நீ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று நதியாவுக்குத் தெரியும். "ஃபைலு அதெல்லாம் கேக்காது சார். பாஸ்வேர்டு குடுங்க, போதும்" என்றாள்.

அவர் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார்.

கோளாறு அரை மணியில் பிடிபட்டது. நாலு பேரும் ஒரே ஃபைலை நேராகத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அதில் இரண்டு கம்ப்யூட்டர் வைஃபையில். கரண்டு ஒரு சிமிட்டு சிமிட்டினால் ரவுட்டர் அணைந்து எரிகிறது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது கையைத் தட்டிவிட்டால் எழுத்து கோணிக்கொண்டு போகுமில்லையா, அதே கதைதான். நதியா எல்லாவற்றையும் கேபிளுக்கு மாற்றினாள். யூ.பி.எஸ். வைத்தாள். தகவலைத் தனியாகவும் அதைத் திறக்கும் திரையைத் தனியாகவும் பிரித்து, ஆளுக்கொரு திரை கொடுத்தாள். சாயங்காலம் ஆனால் தானாக ஒரு நகல் எடுத்துவைக்கும்படி செய்தாள். பழைய நகல் ஒன்றிலிருந்து மூன்று பெண்களையும் மீட்டுக் கொடுத்தாள்.

முன் மேசையில் வேலை பார்க்கும் சங்கீதா டீ வாங்கிவந்தாள். இருபத்தெட்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் வீடு, வீட்டில் தறி. "ஊருக்கெல்லாம் வரன் தேடிக் குடுத்து எனக்கு வயசாயிடுச்சுக்கா" என்று சிரித்தாள். அப்புறம் குரலைத் தணித்து, "ஆனா இந்த வாட்டி அமைஞ்சிடும்போல இருக்குது. குமரன்னு பேரு. பெங்களூர்ல வேலை. ஆவணி மொத வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வராங்க" என்றாள்.

"நல்லது நடக்கட்டும்" என்று டீயைக் குடித்துவிட்டு நதியா இறங்கிவந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் போன். சங்கீதாதான்.

"அக்கா, மறுபடியும் போயிடுச்சு."

"யாரு பேரு?"



"என் பேருக்கா."

நதியா போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. அன்றைக்கு அங்கே வேலை பார்க்கும் மற்ற இரண்டு பெண்களும் லீவு. கலியாணசுந்தரமும் சங்கீதாவும் மட்டும் இருந்தார்கள். நதியா முந்தைய நாள் நகலிலிருந்து சங்கீதாவின் பதிவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். கேபிள், ஸ்விட்ச், யூ.பி.எஸ். எல்லாம் சரி. கரண்டும் போகவில்லை.

"நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன். எப்படிப் போவுதுன்னு பாத்துடுறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. முடி கருகுகிற வாடை. காஞ்சிபுரத்தில் அது யாரையும் பயமுறுத்தாது. பட்டு அசலா என்று பார்க்க ஒரு இழையை நெருப்பில் காட்டுவார்கள். அசல் பட்டு முடி மாதிரிதான் கருகும்.

"கீழ ஜரிகைக் கடையில பட்டு கொளுத்திப் பாக்குறாங்களா?" என்றாள் நதியா.

"கீழ் கடை ரெண்டு நாளா சாத்திக் கிடக்குதுக்கா. அவங்க வீட்டுல காதுகுத்து."

நதியா திரையைப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டு பத்து. சங்கீதாவின் வரி திரையில் இருந்தது. பேர் இருந்த கட்டம் சட்டென்று மாறியது. 'டெலிட்டட்' என்று வந்தது. அப்புறம் நட்சத்திரம். அப்புறம் படிப்பு.

நதியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். காரணம் இருக்கிறது. ஒரு பதிவை யாராவது அழித்தால் வரி மொத்தமாகப் போகும். ஒரே வீச்சில். பதினைந்து வருஷ அனுபவத்தில் அவள் வேறு மாதிரி பார்த்ததே இல்லை. இது ஒவ்வொரு கட்டமாகப் போனது. இடமிருந்து வலமாக. யாரோ விரலால் தடவித் தடவி அழிக்கிற மாதிரி... நிதானமாக.

"சார், நீங்க கை வெச்சீங்களா?"

கலியாணசுந்தரம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

பகிர்ந்த ஃபைலை யார் யார் திறந்திருக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபைல் குறித்துக்கொள்ளும். லாக் ஃபைல் என்பார்கள். நதியா அதைத் திறந்தாள். அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களின் பேர்கள் வரிசையாக இருந்தன. நாலு இருக்க வேண்டும்.

ஐந்து இருந்தது.

ஐந்தாவது பேர், ஆங்கில எழுத்துகளில்... குழலி.

"யாருது இது? யாராவது லேப்டாப் கொண்டாந்தாங்களா?"

"அப்படி ஒரு சிஸ்டமே இங்க இல்லியேக்கா."

சில சமயம் பழைய பேர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வைத்தியம் உண்டு. எல்லோரும் ஃபைலை மூடினால் லாக் ஃபைல் தானாக மறைந்துவிடும். நதியா நாலு கம்ப்யூட்டரிலும் ஃபைலை மூடினாள்.

லாக் ஃபைல் மறையவில்லை.

அழிக்கப் பார்த்தாள். 'வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது' என்றது.

மூன்று கம்ப்யூட்டர்களை அணைத்தாள். ரவுட்டரைப் பிடுங்கினாள். கலியாணசுந்தரத்தின் கம்ப்யூட்டரில் இருந்த கேபிளையும் உருவிக் கீழே போட்டாள். இப்போது அது தனிப் பெட்டி. வெளியிலிருந்து ஈ, எறும்பு உள்ளே வர வழியில்லை.

லாக் ஃபைலைத் திறந்தாள்.

குழலி.

கலியாணசுந்தரம் வாய்க்குள் ஏதோ ஜபிக்க ஆரம்பித்தார். சங்கீதா சுவரோடு ஒண்டிக்கொண்டாள். நதியாவுக்குள் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தி, தன் கண்ணெதிரே, தான் மீட்டுக் கொடுத்ததை அழிக்கிறாள்.

ஃபைலைத் திறந்தாள். சங்கீதாவின் பேரை மறுபடி அடித்தாள்.

போனது.

மறுபடி அடித்தாள்.

போனது.

மூன்றாவது முறை அடித்தபோது திரை நடுவில் ஒரு செய்தி வந்து நின்றது. இந்தப் பதிவு வேறொருவர் பிடியில் இருக்கிறது. கம்ப்யூட்டர்... குழலி.

"புடிச்சுக்கோ. நான் எழுந்து போவமாட்டேன்" என்றாள் நதியா சத்தமாக. "யாருடி நீ? இந்தப் பொண்ணு உனக்கு இன்னா பண்ணா? ஏன் அவள அழிக்கிற?"

டக்.

அறையின் மூலையிலிருந்து வந்தது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிவைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லை. மேசைகூட இல்லை.

டக்... டக்... டக்.

விசைப்பலகையில் ஒரு விரலால் அடிக்கிற சத்தம்.

வாடை அதிகமானது.

"அக்கா, வா போயிடலாம்" என்று சங்கீதா அழுதாள்.

"உக்காருடி."

திரை நகர்ந்தது. மவுஸில் யார் கையும் இல்லை. பெண்கள் பட்டியல் மூடிக்கொண்டது. மாப்பிள்ளைகள் பட்டியல் திறந்தது. கீழே... கீழே... கீழே போய் ஒரு வரியில் நின்றது.

குமரன். பெங்களூர்.

அந்த வரியில் 'மண நிலை' என்று ஒரு கட்டம். அதில் இருந்தது 'முதல் மணம்'.

டக்.

முதல் எழுத்து போனது.

டக். டக்.

கட்டம் காலியானது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

ம... னை... வி...

மனைவியை இழந்தவர்.

சத்தம் நின்றது.

முதலில் அசைந்தவர் கலியாணசுந்தரம். முகத்தில் வியர்வை வழிய, "அத்த மாத்திடுமா. முதல் மணம்னே போட்டுடு" என்றார்.

நதியா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் குரலில் ஆச்சரியமே இல்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"அவங்கம்மா சொல்லிச்சுமா... ஏழு மாசந்தான் வாழ்ந்தாங்களாம். குழந்தை குட்டி கிடையாது. அடுப்பு விபத்துல போயிடுச்சாம் அந்தப் பொண்ணு. எழுதினா வரன் அமையாது, பையன் வாழ்க்க பாழாயிடும்னு கேட்டுக்கிச்சு. நானும் போனா போவுதுன்னு..."

"அந்தப் பொண்ணு பேரு?"

அவர் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஏலவார்குழலி."

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா... அந்த மூணு பொண்ணுங்களையும் இந்தக் குமரனுக்குத்தான் பாத்தோம். ஒவ்வொரு வாட்டியும் தேதி குறிச்ச மறுநாள்தான் காணாம போனாங்க. பேரு இல்ல, ஜாதகம் இல்லன்னு பேச்சு நின்னுபோச்சு."

நதியா நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். இவ்வளவு நேரம் யாரோடு மல்லுக்கு நிற்கிறோம் என்று நினைத்தாளோ, அவள் அழித்துக்கொண்டிருக்கவில்லை. ஒளித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

கலியாணசுந்தரம் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினார்.

"நீங்க மாத்தினா நான் எழுந்து போயிடுவேன் சார்" என்றாள் நதியா. "அப்புறம் நீங்களும் அவளுமா உக்காந்து பேசிக்கோங்க."

கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் சங்கீதா ஒரு காரியம் செய்தாள். அதுவரைக்கும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக் குமரனின் அம்மாவுக்கு அடித்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, சங்கீதா பேசறேன். வெள்ளிக்கிழம நீங்க வர வேணாம்."

"ஏம்மா? இன்னா ஆச்சு?"

"குழலி வேணாங்குறா."

எந்தக் குழலி என்று அந்த அம்மாள் கேட்டிருக்கலாம். யாரோ கதை கட்டிவிடுகிறார்கள் என்று திட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் மூவரும் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த அம்மாள் கேட்டது வேறு.

"அங்கயும் வந்துட்டாளா?"

இணைப்பு அறுந்தது.

சங்கீதா போனை மேசைமேல் வைத்தாள். "என் பேர இனிமே நானே பாத்துக்கறேன்மா" என்றாள் மூலையில் இருந்த நாற்காலிகளைப் பார்த்து. "நீ போ."

நதியா பெண்கள் பட்டியலைத் திறந்தாள். சங்கீதாவின் வரி முழுதாக இருந்தது. பேர், நட்சத்திரம், படிப்பு, போட்டோ எல்லாம். யாரும் அடிக்கவில்லை. நகலிலிருந்தும் எடுக்கவில்லை. ஃபைலை மூடினாள். லாக் ஃபைல் மறைந்துபோனது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. வாடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நதியாவும் சங்கீதாவும் ஏலவார்குழலியின் அம்மாவைத் தேடிக்கொண்டு போனார்கள். பிள்ளையார்பாளையத்தில், சங்கீதா வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான். தறியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தாள். பாதி உருகிப்போன ஒரு லேப்டாப். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தபடியே டேட்டா என்ட்ரி செய்து குழலி வாங்கியதாம். மாப்பிள்ளை வீட்டார் சாமான்களோடு அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அதை எந்தக் கடையிலும் உயிர்ப்பிக்க முடியாது என்று நதியாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

"சமைக்கும்போது பொடவையில பத்திக்கிச்சுன்னாங்க" என்றாள் அந்த அம்மாள். "எம்பொண்ணு அன்னிக்குக் கட்டிக்கினு இருந்தது நான் நெய்த கூறைப்புடவை. அசல் பட்டு. பட்டு தானா பத்தாதும்மா. நெருப்புல காட்டினா கருகும், நெருப்ப எடுத்தா அணைஞ்சுடும். நெய்யிற எல்லாருக்கும் தெரியும் இது. அது நின்னு எரியணும்னா... மேல ஏதாவது ஊத்தணும்."

"நீங்க போலீஸ்ல சொல்லலியா?"

"சொன்னேன். எழுதிக்கவேயில்ல."

மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். நதியாவும் சங்கீதாவும் அந்த அம்மாளும் போய் வரிசையில் நின்றார்கள். மனுவை நதியா அடித்துக் கொடுத்திருந்தாள். அதில் லாக் ஃபைலைப் பற்றியோ நாற்காலி மூலையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பட்டைப் பற்றி மட்டும் இருந்தது. விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. குமரனின் குடும்பம் அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டது. கலியாணசுந்தரம் மையத்தை மூடவில்லை. ஆனால் பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணிவரை அவர் மாடியில் இருப்பதில்லை. சங்கீதா இருப்பாள். அவள் எதற்கும் எழுந்து போவதில்லை.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நதியா நினைத்திருந்தாள்.

தை மாதம் ஒருநாள் ஆரணியிலிருந்து ஒரு தரகர் போன் செய்தார். முன்பின் தெரியாதவர். யாரோ நம்பர் கொடுத்தார்களாம். வரன் பார்க்கிற தொழிலாம். கம்ப்யூட்டர் போட்டுத் தர வேண்டும் என்றார்.

"இப்ப எதுல வெச்சிருக்கீங்க சார்?"

"இத்தினி வருஷமா நோட்டுலதான்மா. நமக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது. ஆனா ஒரு மாசமா நோட்டுல ஒண்ணு நடக்குது. ஒரு பொண்ணு பேரு எழுதினா, மறுநாள் மத்தியானம் மை மறைஞ்சுக்கினே போவுது. பேனாவ மாத்திப் பாத்தேன், நோட்டையே மாத்திப் பாத்தேன். மத்த பேரெல்லாம் அப்படியே இருக்குது. அந்தப் பொண்ணு பேரு மட்டும்..."

நதியா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்தாச்சா சார்?"

"பாத்தாச்சே. பெங்களூர் பையன். நல்ல இடம். முதல் மணம்."

கடைக்கு வெளியே பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. நதியா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னாள்:

"மறையட்டும் சார். அந்த நோட்டுல நீங்க கை வெக்காதீங்க. நான் நாளைக்குக் காலையில அங்க வரேன். அந்தப் பொண்ணு வீட்டு விலாசம் மட்டும் இப்பவே சொல்லுங்க."